விசில் வரும்வரை

புனித அரசின் சட்டப்படி பெண்கள் திரையில் தோன்றக் கூடாது. வீட்டில் வாய்விட்டுச் சிரிக்கவும் கூடாது. சுவரிலிருக்கும் ஒலிவாங்கிக்குச் சிரிப்பு கேட்டுவிட்டால் காவலர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். ஆனால், 'உத்தமி' தொடரை எல்லாப் பெண்களும் பார்த்தே ஆகவேண்டும்.

கல்யாணமாகி வந்த மறுநாள், மாமியார் செண்பகவல்லியோடு உட்கார்ந்து பொற்கொடியும் பார்த்தாள். உத்தமியாக நடித்தவர் தொப்பை வைத்த ஓர் ஆண். கணவன் காலில் விழுந்து எழுந்தபோது அவருடைய புடவைக் கொசுவம் மொத்தமாக அவிழ்ந்து சரிந்தது. கட்டிவிட அங்கே ஒரு பெண்கூட இல்லையே!

பொற்கொடி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். மாமியார் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு எழுந்து போய்க் குக்கர் இருந்த அடுப்பின் தீயைக் கூட்டினார். தொலைந்தோம் என்று நினைத்தாள்.

திரும்பி வந்தவர் அவள் காதோரம் குனிந்தார். "கொஞ்சம் பொறுத்துக்கோடி. விசில் சத்தத்துல அந்தச் சுவருக்குக் காது கேக்காது."

குக்கர் அலறியது. மாமியாரும் மருமகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"உள்ள என்ன வேகுது அத்தை?"

"வெறும் தண்ணிதான்."

மேல்வீட்டில், எதிர்வீட்டில், பிறகு தெரு முழுக்கக் குக்கர்கள் விசிலடிக்கத் தொடங்கின.