இடிக்க வேண்டிய குடிசை

கூவம் கரையிலிருந்து அப்புறப்படுத்தி, ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளில் கொண்டுபோய் விடப்பட்ட சனங்கள், தங்கள் பழைய குடியிருப்பின் கதையைத் தாங்களே படமாக எடுத்தார்கள். குடிசைகளை இடித்த அன்று தேசராணி வேலைக்குப் போயிருந்தாள். காய்ச்சலில் கிடந்த அவள் மகளை யாரோ தூக்கி மழையில் கிடத்தியிருந்தார்கள். அவள் வந்து சேர்ந்தபோது பிள்ளைக்கு உயிர் இல்லை. படத்தில் அந்தத் தாயாக நடிக்கிறேன் என்று அவளேதான் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

படமெடுத்த எப்சியும் அந்தக் கரையில் பிறந்தவள்தான். "வூட்ட இடிச்சி முடிச்சப்புறம்தான் நீ ஓடியாரணும்க்கா" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

காமிரா ஓடியது. ஓலையும் தகரமும் வைத்துக் கட்டிய குடிசைக்குள் பக்கத்து வீட்டுச் சிறுமி போர்த்திப் படுத்திருந்தாள். பொக்லைன் இயந்திரம் தெருமுனையில் திரும்பியதுதான் தாமதம், தேசராணி உள்ளே பாய்ந்து சிறுமியை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தாள்.

"அக்கா, இன்னாக்கா இது? நீ இப்ப வேலைக்கில்ல போயிருக்க!"

"போவல எப்சி," என்றாள் அவள், மூச்சு வாங்க. "இன்னிக்கி நான் வேலைக்கே போவல."

சிறுமி இறங்கப் பார்த்து நெளிந்தாள். பிள்ளையை இறக்கிவிடச் சொல்ல அங்கே ஒருவருக்கும் மனம் வரவில்லை.