பாவனையில்: ஒன்று

ரிட்டயரான பிறகு, யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கும் டெலிபோன் மென்பொருளுக்கு போனைக் கம்ப்யூட்டரோடு இணைக்க நான் எழுதிய டிரைவர் நிரல்களை அடுக்கினால் ரிவர்ஸ்டன் மலையே குட்டையாகிவிடும். போன் வகைக்கு ஒன்று. வேண்டாததைத் தனியாகக் கழற்றலாம்.

தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் பழைய கறுப்புப் போனின் டிரைவர் கழன்றால்தான் அம்புலன்ஸுக்கான புது லைன் ஏறும். தொழிலாளர் லயத்தில் இரண்டு பேர் நிறைமாதம். செல்போனோ இங்கே டோர்ச்சுக்கு மட்டும்தான் உதவும்.

கழறவில்லை. ‘பாவனையில்: 1’ என்றது திரை; யாரோ ஒருவர் அந்தப் போனை இன்னும் பாவிக்கிறாராம்.

“வயர வெட்டி ஒரு மாசமாச்சுங்க சேர்!” நர்ஸ் சுரேகா சிரித்துக்கொண்டே வயரில்லாத ரிசீவரை எடுத்து அதற்குள் பேசினாள். “கொஞ்சம் வைங்க, அம்புலன்ஸுக்கு லைன் வேணும்.”

எண் உடனே பூச்சியமானது. துள்ளிக்குதித்துப் பழையதைக் கழற்றிப் புதியதை ஏற்றினேன். புதுப் போனின் பெட்டியை இன்னும் பிரிக்கவேயில்லை.

‘பாவனையில்: 1.’