சகலையின் நீராவி எஞ்சின்

கரண்ட் வராத அந்த மேட்டில் சகலைகள் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. சின்னவன் ஒரு பழைய பைக் எஞ்சினை நீராவியில் ஓடவைத்து, டைனமோ பூட்டி, தன் வீட்டில் விளக்கெரித்தான். “தங்கச்சி குடுத்துவச்சவ,” என்றாள் பெரியவனின் மனைவி. அவனுக்கு வயிறு எரிந்தது.

சின்னவன் குடும்பத்தோடு கடைக்குப் போன சாயங்காலம், பெரியவன் ஷெட்டுக்குள் போய் அடுப்பை அணைத்தான். பாய்லரிலிருந்த தண்ணீரையும் திறந்துவிட்டான். அப்படியும் எஞ்சின் நிற்கவில்லை. ஆத்திரத்தில் டைனமோவிலிருந்து போன ஒயரை வெட்டினான்.

“ஏங்க, இங்க வாங்களேன்!” மனைவி வீட்டிலிருந்து கூப்பிட்டாள். “தங்கச்சி வீட்டுக்காரர் நமக்கும் பல்பு மாட்டிக் குடுத்திருக்காரு. சொல்லவே இல்ல பாருங்க!”

ஓடினான். விட்டத்தில் பல்பு எரிந்தது. அதற்கு ஒயரே இல்லை. அதன் கீழே அவள் சிரித்தபடி நின்றாள். அப்படி அவள் சிரித்து அவன் பார்த்ததே இல்லை.