நாலாவது ஆள்

"பதினெட்டு செகண்ட்ல கோப்பை போச்சு. வழியில நின்னு யார்கிட்டயாவது கதை பேசினீங்களா?" என்று கேப்டன் பொரிந்தார்.

பிளம்பர் முழங்காலைப் பிடித்தபடி மூச்சு வாங்கினார். அந்தப் பத்து கிலோமீட்டர் ஓட்டப்பந்தயத்தில் ஒவ்வொரு கிளப்பிலும் நாலு பேரின் நேரத்தைக் கூட்டித்தான் வெற்றி. இந்த கிளப்பில் நாலாவதாக வந்தவர் அவர்.

"ரோட்டு மேல பழி போட முடியாது. பனி உறைஞ்ச வளைவுல எல்லாம் நகராட்சி புண்ணியவான்கள் மணல் தூவியிருந்தாங்க. இல்லேன்னா என் பல்லு பாலத்துலதான் கிடந்திருக்கும்" என்றார் கேப்டன்.

அப்போது பிளம்பரின் மனைவி ஒரு காலிச் சாக்கோடு வந்தாள்.

"இந்தாங்க, உங்க மணல் சாக்கு. பந்தய ரோட்டுல வண்டி விடமாட்டேன்னுட்டாங்கன்னு விடியக்காலையில இதை முதுகுல கட்டிக்கிட்டுப் பத்து கிலோமீட்டரும் ஓடினீங்க. அது பத்தாதுன்னு இப்போ மறுபடி பத்து. உடம்பா இரும்பா?"

கேப்டனின் குரல் இறங்கியது. "எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா எல்லாரும் தரையைப் பார்த்துக்கிட்டே ஓடுவீங்க, கேப்டன்."

"சரி, ரெண்டாவது தடவை எதுக்கு ஓடினீங்க?"

"நாலு பேர் இல்லேன்னா நம்ம கிளப்பைக் கணக்குலயே சேர்க்க மாட்டாங்களே."

கேப்டன் நேரம் எழுதிய தாளை மறுபடி பார்த்தார். பிளம்பருக்கு நாற்பத்தாறு நிமிடம் பன்னிரண்டு வினாடி.

போன வருடம் நன்றாகத் தூங்கி எழுந்து, கையை வீசிக்கொண்டு கேப்டன் ஓடியதும் அதே நாற்பத்தாறு நிமிடம்தான்.