மூலையில் நின்ற பெண்

"முதுகு எங்கே?" என்று கேட்டார் ரோசம்மா.

பிரிக்பீல்ட்ஸில் செசிலியாவின் தையல் கடை. கல்யாணக் கவுனைப் போட்டுக்கொண்டு நடுவில் நின்றிருந்தாள் பெர்னடெட். கழுத்திலிருந்து இடுப்புவரை வரிசையாகப் பொத்தான்கள். முதுகு முழுக்க மூடியிருந்தது.

"அங்கேதானே இருக்கு, அம்மா" என்றாள் செசிலியா.

"விளையாடறியா? படத்துல ஒரு சாண் திறந்து இருக்கே! நீ இழுத்து மூடி வச்சிருக்கே!"

கல்யாண உடுப்பு மாப்பிள்ளை வீட்டு முறை. அதனால் மாப்பிள்ளை ரபேலின் அம்மா ரோசம்மா, கிள்ளானிலிருந்து லண்டன் பேஷன் புத்தகம் ஒன்றைச் சுமந்துகொண்டு வந்து, இதுதான் வேண்டும் என்று விரல் வைத்திருந்தார். மகள் ஜோசஃபின் வேறு நாலைந்து படம் காட்டிப் பார்த்தாள். அம்மாவின் விரல் நகரவில்லை.

இப்போது அதே புத்தகத்தை மேஜைமேல் விரித்தார் ரோசம்மா. பக்கம் நிறைய ஒரு வெள்ளைக்காரி. அந்தப் புத்தகத்துப் பெண்கள் எல்லோருக்குமே கால் மட்டும் இரண்டு ஆள் நீளம். மேல் மூலையில் கட்டைவிரல் அளவுக்கு இன்னொருத்தி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"பெரிய படம் முன்பக்கம். மூலையில இருக்கற குட்டிப் படம் அதே கவுனோட பின்பக்கம். இப்படித்தான் எல்லாப் புத்தகத்துலயும் போடுவான். தையல்காரி உனக்குத் தெரியாதா?"

செசிலியா தலையைச் சொறிந்தாள். "அது வேற பொண்ணு, வேற கவுனுன்னு நினைச்சுட்டேம்மா. இங்கிலீஷ் படிக்கத் தெரியாதே."

"படம் பார்க்கவுமா இங்கிலீஷ் வேணும்?"

கடைக்கு ரவிக்கை வாங்க வந்திருந்த இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் இது மாதா கோயில்வரை போய்விடும்.

"கோயில்ல தலையில போடற நெட்டால முதுகை மூடிக்கலாம். விருந்துல நெட்டை எடுத்ததும் ரயில் ஸ்டேஷன் துரையோட பொண்டாட்டி இந்த முதுகைப் பார்த்து அசந்து போகணும்னு இருந்தேன். சனிக்கிழமை கல்யாணம்! எல்லாத்தையும் கெடுத்துட்டியே!"

பெர்னடெட் தாயில்லாப் பெண். அப்பாவுக்குச் செந்தூல் ரயில் பட்டறையில் வேலை. வரப்போகிற மாமியார் முன் அவள் என்ன பேசுவாள்?

ரோசம்மா சுற்றிலும் பார்த்தார். "இதோ இருக்கே கத்தரிக்கோல். பொத்தானை அவிழ்த்து இப்பவே வெட்டு. எவ்வளவு தூரம்னு நான் நின்னு காட்டறேன்."

பெர்னடெட்டின் முகம் வெளுத்தது. அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். செசிலியா கத்தரிக்கோலை எடுக்கவும் முடியாமல், மாட்டேன் என்று சொல்லவும் முடியாமல் நின்றாள்.

அதுவரை சும்மா இருந்த ஜோசஃபின் திடீரென்று பாய்ந்து கத்தரிக்கோலைப் பிடுங்கினாள்.

"இவ கையில மறுபடியும் கத்தரியா? உங்களுக்குப் புத்தி இருக்காம்மா? படத்தைப் பார்த்தே தைக்கத் தெரியாத குருடி இவ! வெட்டறேன்னு பாக்கியையும் நாசம் பண்ணிடுவா. அப்புறம் சனிக்கிழமை மருமக எதைப் போட்டுக்கிட்டு நிப்பா?"

ரோசம்மாவே ஓரடி பின்வாங்கினார்.

ஜோசஃபின் விடவில்லை. "ஏய் செசிலியா! இத்தனை வருஷமா தைக்கிறேன்னு ஊரை ஏமாத்தினியா நீ? ரயில்வே வீட்டுப் பொம்பளைங்க ஒருத்தரும் இனிமே இந்தப் படி ஏறமாட்டாங்க, பார்த்துக்க!"

தன்னைவிட மூத்தவளை 'நீ' என்றும் 'ஏய்' என்றும் கூப்பிட்டதைக் கேட்டு, ரவிக்கை வாங்க வந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நழுவினார்கள். படித்த பெண்ணுக்கு இவ்வளவு வாயா?

பெர்னடெட் அழுதுவிட்டாள்.

"அழுது என்ன புண்ணியம்? போய் மாத்திக்கிட்டு வா!" என்று அவள்மேலும் எரிந்து விழுந்தாள் ஜோசஃபின்.

வேறு வழியில்லாமல் ரோசம்மா முணுமுணுத்துக்கொண்டே அந்தக் கவுனுக்கே சம்மதித்தார். பெர்னடெட் மறைப்புக்குப் பின்னால் போய் உடை மாற்றி வந்ததும், அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு போய், வாசலில் நின்ற ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்தார்.

"மிச்சத் துணியை வாங்கிக்கிட்டு வரேம்மா" என்று பின்தங்கினாள் ஜோசஃபின்.

செசிலியா வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏன்டி, தெரியாம தச்சுட்டேன்னு நான் சொல்றதாத்தானே பேச்சு? குருடின்னு நீ சொல்றதா எப்பப் பேசிக்கிட்டோம்?"

ஜோசஃபின் கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்தாள். "மன்னிச்சிருங்கக்கா. அம்மா கத்தரியைக் கேட்டதும் எனக்கு உயிரே போயிருச்சு. வேற எப்படித் தடுக்கறதுன்னு தெரியல."

"ரபேலுக்குத் தெரியும்ல?"

"பெர்னடெட்டே சொல்லிட்டா. சின்னப் பிள்ளையில கொதிக்கிற கஞ்சி முதுகுல கொட்டிருச்சாம். அவனுக்கு அது ஒரு விஷயமே இல்ல. ஆனா அவ்வளவு பெரிய வெள்ளைத் தழும்பைப் பார்த்தா அம்மா கஞ்சின்னா நம்புவாங்களா? குஷ்டம், சுங்கை பூலோ ஆஸ்பத்திரிக்கு அனுப்புன்னு ஊரைக் கூட்டிருவாங்க. கல்யாணம் அன்னைக்கே நின்னுரும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், உங்க கடைப் பேருதான் கெட்டுப் போச்சு."

"என் பேரு போனா நாலு நல்ல கவுன் தச்சுத் திரும்ப வாங்கிக்குவேன். அந்தப் பொண்ணு பேரு போனா யாரு தச்சுக் குடுப்பா?" என்றாள் செசிலியா, மிச்சத் துணியை அவள் கையில் திணித்துக்கொண்டே. "நீ கிளம்பு. போறப்ப வாசல்ல நின்னு இன்னும் ரெண்டு வார்த்தை திட்டிட்டுப் போ. உங்கம்மா காதுல நல்லா விழணும்."