துரைக்கு இனிப்பு ஒயின்

"கையை எடுங்க! தொரைக்கு வைக்கிறதை எச்சில் பண்ணலாமா?" என்று வள்ளியம்மா அதட்டினாள்.

சீஸ் துண்டை வாய்க்குக் கொண்டுபோன அவள் புருஷன், பங்களா சமையல்காரர் ரெங்கசாமி கையை இறக்கிக்கொண்டார்.

"ருசி பாக்காம எதுக்கு எந்த ஒயினை ஊத்துறது, புள்ள? நம்ம பிரெஞ்சுக்காரத் தொரை என்னையத்தான் மொதல்ல திங்கச் சொல்லுவாரு. ஆட்டுப்பால் சீஸுன்னா வெள்ளை ஒயின். நீலப் பூசணம் பூத்ததுக்கு இனிப்பு ஒயின்."

"பூசணத்தை மனுசன் திம்பானா?"

"சிரிக்காத, புள்ள. அன்னிக்கு நான் மாத்தி ஊத்தித்தானே வம்பாச்சு."

அன்று இனிப்பு ஒயின் தீர்ந்திருந்தது. ரெங்கசாமி நீலச் சீஸோடு சிவப்பு ஒயினை வைத்தார். துரை ஒரு வாய் குடித்தார், சிரித்தார், சரியான பாட்டிலைத் தானே வாங்கி வருவதாக ஜீப்பில் கோலா சிலாங்கூர் டவுனுக்குக் கிளம்பினார்.

இன்று ரெங்கசாமி எதையும் வாயில் வைக்காமல், மோந்து பார்த்தே எடுத்து வைத்தார்.

"சரியா இருக்கா, புள்ள?"

"இருக்கும். சூடத்தைக் கொளுத்திட்டு வெளிய வாங்க. நாம நின்னா அவரு எப்படி வந்து சாப்பிடுவாரு?"

இன்று துரைக்குப் பதினாறாம் நாள். அன்று திரும்பி வரும் வழியில், ரப்பர்க்காட்டு வளைவில், பதுங்கியிருந்த மலாயாக் கம்யூனிஸ்டுகள் ஜீப்பைச் சுட்டிருந்தார்கள். உடலோடு வந்த அந்த இனிப்பு ஒயின் பாட்டில் மட்டும் உடையவில்லை.

அதைத்தான் ரெங்கசாமி திறந்து, வாழையிலையில் இருந்த நீலச் சீஸுக்குப் பக்கத்தில் கிளாஸில் ஊற்றினார். சூடம் கொளுத்தினார். வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

"தொரை, இந்தத் தடவை சரியா ஊத்திட்டேன்," என்றார் கதவைப் பார்த்து.