பாதி நீலம், பாதி சிவப்பு

"ரெண்டே பேர் இருக்கிற தீவுல மெஜாரிட்டி எந்த மதம்னு நான் எப்படிங்க எழுதறது?"

வந்தவர் சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்துப் போட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். எந்தப் பகுதியில் எந்த மதத்தினர் அதிகம் என்று நாடு முழுக்க வண்ணம் தீட்டுகிற வேலையாம் அவருக்கு. கலங்கரை விளக்கக் காவலர் ஒரு மதம், அவர் மனைவி வேறொரு மதம். மூன்றாவதாக அந்தத் தீவில் ஒரு கோழிகூடக் கிடையாது.

"நீலம் அடிங்க சார். விளக்கு என் பொறுப்பு" என்றார் காவலர்.

"விளக்கைத் தினமும் துடைக்கிறது யாருன்னு அவர்கிட்ட கேளுங்க சார். சிவப்பு அடிங்க" என்றாள் மனைவி.

மூன்று மாதமாக இருவருக்கும் பேச்சு இல்லை. யாராவது வந்தால்தான் சண்டையே போட முடிகிறது. வாசலில் அவளுடைய பெட்டி தயாராக இருந்தது. அதைத் தூக்கிப் போக வந்த படகுக்காரர், வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"ரெண்டையும் கலந்து அடிச்சிடுங்களேன் சார்" என்றார் படகுக்காரர்.

"ஊதா வரும்யா. அது இன்னொரு மதத்தோட கலர். அவங்க சண்டைக்கு வருவாங்க." வந்தவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "ஏம்மா, ராத்திரி இவர் இருமினா யாரு எழுந்திரிக்கிறது?"

"வேற யாரு, கடல்ல இருக்கிற சுறாவா? நான்தான்."

அவர் காவலர் பக்கம் திரும்பினார். "இந்த அம்மாவுக்குக் காய்ச்சல்னா?"

"கொட்டுற மழையில துடுப்புப் போட்டுப் போய் மருந்து வாங்கிட்டு வந்தேன் சார்" என்றார் காவலர். "இதெல்லாமா மதக் கணக்குல வருது?"

"எல்லாம் வரும்."

"எங்க சங்கதி வேற இடத்துல தீரப்போகுது. நீங்க கலரைச் சொல்லுங்க" என்றார் காவலர்.

"இந்த அம்மா இன்னிக்குப் படகேறிட்டா, தீவு முழுக்க நீலம். ரூல்ஸ் அப்படி."

மீசையை முறுக்கப் போன காவலர், வாசலில் இருந்த பெட்டியைப் பார்த்ததும் கையைக் கீழே போட்டுவிட்டார்.

"நான் போகலைன்னா?" என்றாள் அவள்.

"பாதி நீலம், பாதி சிவப்பு. ஆனா அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும் இருக்கணும். பத்து வருஷம்."

அவள் விடுவிடுவென்று போய்ப் பெட்டியை உள்ளே இழுத்துவந்தாள். "என் பாதியை விட்டுக்கொடுக்க மாட்டேன்."

"அப்போ நானும் மாற்றல் கேக்கப் போறதில்லை" என்றார் காவலர், முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்து.

"டீத்தண்ணி கொதிச்சு வழியுது. வாயடிக்காம போய் அடுப்பை அணைங்க."

அவர் ஓடினார். அவளே பேசிவிட்ட சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வந்தவரை ஏற்றிக்கொண்டு படகு தீவை விட்டு விலகியதும் படகுக்காரர் வாயைத் திறந்தார். "ஏன் சார், இந்தத் துக்கடா பாறைக்கு நிஜமாவே மேப்புல கலர் அடிப்பாங்களா?"

"யாருக்குய்யா தெரியும்? மேப்பும் பென்சிலும் என் பொண்ணோட ஸ்கூல் பையில இருந்து எடுத்தது" என்றார் அவர். "ரெண்டு பேரும் விவாகரத்து கேட்டு மனு போட்டிருக்காங்க, ஒட்டவைக்க வழியிருக்கான்னு பார்த்துட்டு வாய்யான்னு ஜட்ஜ் அம்மா என்னை அனுப்பினாங்க."